பழைய சட்டிக் கலப்பை: பிரிக்கும் முன் அளந்துவிடுங்கள்

வேலியோரம் கிடந்த, மூன்று வட்டச் சட்டிகள் கொண்ட டிராக்டர் கலப்பையை வெளியே இழுத்ததும் துருவைச் சுரண்டிப் பெயின்ட் அடிக்கத்தான் கை போகும். தயவுசெய்து அதைக் கடைசிக்கு வையுங்கள். மேல்துருவால் உழவு கெடுவதில்லை. சட்டி தேய்ந்து, கோணம் மாறி, பேரிங் ஆடித்தான் கெடும். கழற்றிப் போட்டுவிட்டால் கோணம் எப்படி இருந்தது என்பதே தெரியாமல் போய்விடும்.

கலப்பையை டிராக்டரில் மாட்டிச் சிமென்ட் தளத்தில் நிறுத்துங்கள். சட்டத்துக்கு அடியில் கட்டை கொடுத்து, ரசமட்டம் வைத்துச் சரிபாருங்கள். ஹைட்ராலிக்கை மட்டும் நம்பி அடியில் கை விடவே கூடாது.

முதலில் சாய்வு, அதாவது சட்டி பின்பக்கமாகச் சாய்ந்திருக்கும் அளவு. சட்டியின் உச்சி விளிம்பிலிருந்து கொத்தனார் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டால், நூல் முதுகுப்பக்கமாக இறங்கும். சட்டியின் அடி விளிம்புக்கும் நூலுக்கும் உள்ள இடைவெளியைப் படுக்கைவாட்டில் அளக்க வேண்டும். 26 அங்குலச் சட்டிக்கு (660 மி.மீ.) 171 மி.மீ. வந்தால் சாய்வு 15 பாகை, 226 வந்தால் 20, 279 வந்தால் 25. வழக்கமான சாய்வு இந்த 15-25க்குள்தான். தேய்ந்து 600 மி.மீ. ஆகிவிட்ட சட்டியில் 20 பாகைக்கு 205 மி.மீ.தான் வரும், ஆகையால் விட்டத்தை முதலில் அளந்துகொள்ளுங்கள். விட்டம் ஒன்றாக இருந்தும் ஒரு சட்டியில் மட்டும் 15-20 மி.மீ. வித்தியாசம் வந்தால், அதன் கால் (சட்டியைச் சட்டத்தோடு பிடிக்கும் தண்டு) வளைந்திருக்கும் அல்லது கால் போல்ட் தளர்ந்திருக்கும்.

அடுத்து திருப்பம், அதாவது டிராக்டர் போகும் திசையிலிருந்து சட்டி திரும்பியிருக்கும் அளவு. ஹப் (சட்டி சுழலும் நடுக்குடம்) உயரத்தில் சட்டியின் இரு ஓரங்களிலிருந்தும் குண்டை இறக்கித் தரையில் சாக்பீஸால் இரு புள்ளி வையுங்கள். டிராக்டர் போகும் திசைக்கு நேராக ஒரு கோடு போட்டு, புள்ளிகளுக்கு இடையே நீளவாட்டில் எவ்வளவு, குறுக்கே எவ்வளவு என்று பாருங்கள். இரண்டும் சமமானால் 45 பாகை. 660 சட்டியில் நீளவாட்டில் 490, குறுக்கே 442 வந்தால் 42 பாகை. 42-45 சரியான அளவு.

* * *

மேலே சொன்ன அளவுகளை எடுக்கும் முன்பே ஹப்பைப் பார்த்துவிட வேண்டும். சட்டியை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ‘டக் டக்’ என்றால் பேரிங் ஆட்டம், அந்த நிலையில் எடுத்த அளவு நிற்காது.

துருப்பிடித்த நட்டை ஒரு இரவு டீசலில் ஊறவிடுங்கள். சீலும் கிரீஸும் உள்ளே இருக்கும்போது கேஸ் வைத்துச் சூடாக்காதீர்கள். கூம்பு ரோலர் பேரிங்கை மாற்றினால் வெளி வளையத்தையும் சேர்த்து மாற்றுங்கள். புது ரோலர் பழைய வளையத்தில் ஓடினால் சீக்கிரமே சொரசொரப்பாகிவிடும். நட்டை இறுக்கும்போது சட்டியைக் கையால் சுற்றிக்கொண்டே இருங்கள். சுற்றக் கனமாகும் இடத்தில் நிறுத்தி, நட்டைப் பூட்டும் காட்டர் பின்னுக்கான அடுத்த துளை வரை மட்டும் தளர்த்துங்கள். அதைவிட இறுக்கினால் ஹப் கொதிக்கும். சீல் போனால் புழுதி உள்ளே இறங்கி, கிரீஸே அரைக்கும் பசையாகிவிடும்.

இன்னொன்று, சட்டி வெப்பப்பதம் கொடுத்த எஃகு. தேய்ந்த விளிம்பில் வெல்டிங் வைத்துப் பெரிதாக்கினால் அந்த ஓரத்திலிருந்தே வெடிக்கும். கூர் வைக்க முதுகுப்பக்கம் கிரைண்டரை லேசாக ஓட்டினால் போதும். விளிம்பு நீலமாக மாறினால் பதம் போய்விட்டது என்று அர்த்தம்.

* * *

கலப்பையை டிராக்டரோடு மாட்டும் பின்களின் (pin) துளைகளை மறந்துவிடாதீர்கள். டிராக்டர் இணைப்பின் அளவுப் பிரிவைத்தான் கேட்டகரி என்பார்கள். கேட்டகரி 1 கலப்பையில் கீழ்ப் பின் 22 மி.மீ., டாப் லிங்க் (மேல் இணைப்புத் தண்டு) பின் 19. கேட்டகரி 2 என்றால் 28, 25. துளை நீள்வட்டமாகிவிட்டால் கலப்பை பக்கவாட்டில் ஆடும். புஷ் (துளைக்குள் பொருத்தும் உலோக வளையம்) அடிப்பதுதான் தீர்வு, வாஷர் அடைப்பதல்ல.

உழுத இடத்தில் மூன்று சாலுக்கு ஒன்று மேடாகத் தெரிந்தால் முன் சட்டி வெட்டும் அகலம் தவறு. கீழ்ப் பின்கள் உள்ள குறுக்குத் தண்டைத் திருப்பிச் சரிசெய்யுங்கள். வண்டி ஒரு பக்கமாக இழுத்தால் பின்னாலுள்ள சால் சக்கரத்தைப் பாருங்கள். பக்க அழுத்தத்தைத் தாங்குவது அதுதான், அதன் பேரிங்கைத்தான் யாரும் கவனிப்பதில்லை.

மண்ணில் இறங்காவிட்டால் டாப் லிங்க்கை மட்டும் குறை சொல்ல வேண்டாம். வளைந்த பலகையால் மண்ணைப் புரட்டும் இறக்கைக் கலப்பை தானாக மண்ணுக்குள் இழுத்துக்கொள்ளும், சட்டிக் கலப்பை தன் எடையால்தான் இறங்கும். மழுங்கிய விளிம்பும் குறைந்த எடையும் சேர்ந்தால் காய்ந்த நிலத்தின் மேல் உருண்டுகொண்டே போகும். விளிம்பைக் கூராக்கி, சட்டத்தில் எடை ஏற்றிப் பாருங்கள்.

பெயின்டைச் சட்டத்தோடு நிறுத்துங்கள். சட்டியின் குழிப்பக்கம் அடித்தால் அது தேயும்வரை ஈரக் கரிசல் அப்பிக்கொள்ளும். அங்கே கிரீஸ் பூசி வைத்தாலே போதும்.