மரபை மீறிய பெண்களில் யாரைத் தேர்ந்தெடுக்கலாம்?

அஸ்தம்பட்டி ஆசிரியை: சேலத்தில் எங்கள் மாணவியர், மரபை மீறிய பெண்களைப் பற்றிக் கண்காட்சி வைக்கிறார்கள். ஆண்டுதோறும் வேலு நாச்சியாரையே வரைகிறோம்; வேறு யாரைப் பரிந்துரைப்பீர்கள்?

ஏற்காட்டு வாசகர்: மணலூர் மணியம்மையைச் சொல்வேன். இளம் வயதில் கணவரை இழந்து, பின்னர் தலைமுடியைக் கத்தரித்து, வேட்டியும் அரைக்கைச் சட்டையும் அணிந்து, சிலம்பம் பயின்று, கீழத்தஞ்சையின் பண்ணையாட்களைச் செங்கொடியின் கீழ்த் திரட்டியவர் அவர். 1953இல் மான் முட்டி இறந்தார் என்பதைத்தான் பிள்ளைகள் எளிதில் நம்பமாட்டார்கள்.

ஆத்தூர்க்காரர்: மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரையும் சேருங்கள், டீச்சர். தேவதாசி முறைக்குள் வளர்ந்து அதையே எதிர்த்தவர். 1938இல் திருச்சியிலிருந்து சென்னைக்குச் சென்ற இந்தி எதிர்ப்புப் படையில் நடந்தவர். 2022 வரை இருந்த அரசுத் திருமண உதவித் திட்டத்தின் பெயராக மட்டும் (நம்மில் பலர் அப்படித்தான்) அவரை அறிந்திருப்பது போதாது.

அஸ்தம்பட்டி ஆசிரியை: நன்றி ஐயா, இருவரையும் எடுத்துக்கொள்கிறோம்.