‘ரோமுலஸ்’ அடுத்த பாகம்: மூத்தாசாரி யாரு?

தக்கலை லென்ஸ்:
2025 நவம்பர் ஆச்சு, இன்னும் இயக்குநர் பேரு வெளிய வரல. ‘ஏலியன்: ரோமுலஸ்’ அடுத்த பாகத்துக்குத் திரைக்கதை முடிஞ்சிட்டு, இயக்கம் வேற ஆளுக்கு, நான் ரிட்லி ஸ்காட்கூடத் தயாரிப்புல நிப்பேன்னு ரோமுலஸ எடுத்த ஃபெடே ஆல்வாரெஸே சொல்லிட்டாரு. இங்க ஆளாளுக்கு ஒரு பேரு எறியுதீங்க. பேரு சொன்னா காரணமும் சொல்லணும். ‘வில்நூவ் வந்தா கொள்ளாம்’னு ஒரு வரி எழுதிட்டுப் போனா நான் பதில் போடமாட்டேன். அவரு டியூன் மூணாம் பாகம், அதுக்குப் பிறகு ஜேம்ஸ் பாண்டுன்னு போயாச்சு.

என் கணக்கு இது. ரோமுலஸ் 8 கோடி டாலர்ல எடுத்த படம். மொதல்ல ஓடிடிக்குன்னு நெனச்சது, தியேட்டருக்கு வந்து உலகம் பூரா 35 கோடி வசூல் பண்ணிச்சு. தியேட்டர்காரன் பங்கு பாதி போனாலும் லாபம் நிக்கும். இந்த விகிதத்தை ஸ்டுடியோ கெடுக்காது. அதனால சம்பளத்துலயே பட்ஜெட்ட விழுங்குற பெரிய பேரு வராது. நான் சொல்லுகது மைக்கேல் சார்னோஸ்கி. ‘பிக்’ எடுத்தது சுமார் 30 லட்சம் டாலர்ல. அடுத்ததா ‘எ கொயட் பிளேஸ்: டே ஒன்’ 6.7 கோடியில எடுத்தாரு, 26 கோடி வந்துது. வசூல விடுங்க. அந்த வரிசையில முதல் ரெண்டு படத்த இயக்கின ஜான் கிராசின்ஸ்கி அப்போ தயாரிப்பாளரா மேல நின்னாரு. அடுத்தவன் போட்ட அஸ்திவாரத்துல சண்டை இல்லாம சுவர் எழுப்பின ஆளு. இப்போ காலியா கிடக்கதும் அதே நாற்காலிதான்.

குளச்சல் கடலோடி:
சுவர் எழுப்ப கொத்தனார் போதும் தம்பி. இந்தப் படத்துக்கு மூத்தாசாரி வேணும். 1979-ல மொத ‘ஏலியன்’ எடுத்தப்போ ஸ்காட்டுக்கு அது ரெண்டாவது படம்தான். ஆனா கையில பென்சில் இருந்துது. ஸ்டுடியோ மொதல்ல ஒதுக்கினது 42 லட்சம் டாலர். அவரு காட்சி காட்சியா வரைஞ்சு கொண்டுபோய்க் காட்டினதும் அதையே 84 லட்சமா ஆக்கினாங்க. செத்துக் கிடக்க அந்தப் பெரிய விண்வெளிக்காரன் செட் பத்தாதுன்னதும், தன்னோட ரெண்டு பயலுகளுக்கு சின்ன விண்வெளி உடை தைச்சு மாட்டி தூரத்துல நடக்கவிட்டாரு. செட் அப்படியேதான், கண்ணுக்கு ரெண்டு மடங்கா தெரிஞ்சுது. இது மாதிரி கை வித்தை யாருக்கு இருக்கு? அவரே ஒருக்க கூட உக்காந்தா என்ன?

மார்த்தாண்டம் மக்கா:
அண்ணாச்சி, அவருக்கு இந்த மாசக் கடைசியில 88 வயசு. கொஞ்சம் ஓய்வெடுக்கட்டும் 😀
ஆளு வீட்டுக்குள்ளயே இருக்காரு, டான் டிராக்டன்பெர்க். ‘பிரிடேட்டர்’ வரிசையில ‘பிரே’, ‘கில்லர் ஆஃப் கில்லர்ஸ்’, இப்போ ‘பேட்லேண்ட்ஸ்’. அதே ஸ்டுடியோ. அதுல எல் ஃபேனிங் நடிச்ச ரோபோ, ஏலியன் படங்கள்ல வர்ற வேலண்ட்-யுட்டானி கம்பெனித் தயாரிப்பு. பாலம் போட்டாச்சுல்லா. இனி யாரத் தேடணும்?

தொட்டிப்பாலம்:
மக்கா, ஒரே ஸ்டுடியோங்கிறதுக்காக ஒரே வேலை ஆகாது. ‘பேட்லேண்ட்ஸ்’ல வேட்டைக்காரன்தான் கதாநாயகன். முதல் ஷாட்டுலருந்து கடைசி வரை அவன் மூஞ்சியப் பாக்கணும், அவன் பேசணும். அதனால உடம்புக்கு உடை, மூஞ்சிக்கு கணினி. மனுசப் பாத்திரமே கிடையாது, வாங்கின சான்றிதழும் பிஜி-13, பிள்ளைகளும் பாக்கலாம். ஏலியன் இதுக்கு நேர் எதிரு. முதல் படத்துல அந்த மிருகம் திரையில நிக்கது மொத்தத்துல சில நிமிஷம்தான். காட்டுகதுல கெட்டிக்கார ஆளு டிராக்டன்பெர்க், ஒத்துக்கிடுகேன். மறைக்கத் தெரியுமான்னுதான் கேள்வி.

கடலோடி அண்ணே, வயசு எனக்குப் பிரச்சினை இல்ல. ஸ்காட் இப்போ வேலை செய்யிற முறைதான் இடிக்குது. ஒரே நேரத்துல நாலஞ்சு கேமரா, சில சமயம் அதுக்கும் மேல ஓடவிடுவாரு. பொம்மை மிருகத்துக்கு இது விஷம். ஒரு கேமரான்னா கம்பி, கேபிள், கீழ குத்தவச்சு ஆட்டுற நாலு பேரு, எல்லாத்தையும் ஃபிரேமுக்கு வெளிய ஒளிச்சிரலாம். நாலு கேமரான்னா ஒளிய இடம் கிடையாது. அப்புறம் ஒவ்வொரு ஷாட்டுலயும் கணினியில அழிக்கணும், அதுக்குத் தனிச் செலவு.

குளச்சல் கடலோடி:
பாதிதான் சரி பிள்ளே. மிருகத்து வாயில ஒழுகுற அந்தக் கொழகொழ சங்கதி இருக்குல்லா, ஒவ்வொரு டேக்குலயும் ஒவ்வொரு மாதிரி வழியும். ஒரு கேமரா வச்சு கோணம் மாத்தி மாத்தி எடுத்தா ஒரு ஷாட்டுல இடதுபக்கம் தொங்கும், அடுத்ததுல வலதுபக்கம் தொங்கும். நாலு கேமரா ஒண்ணா ஓடினா அந்த வெட்டு பிசகாது.

தொட்டிப்பாலம்:
செரி, அந்த இடம் உங்களுக்கு. ஆனா வெளிச்சத்துக்கு என்ன பதில்? இந்த மிருகத்துக்குப் பின்னாலருந்துதான் லைட் அடிக்கணும். ஓரம் மட்டும் மினுங்கணும், மத்தது இருட்டுல நிக்கணும். எதிர்ப்பக்கம் ஒரு கேமரா வச்சா, மொதக் கேமராவுக்குப் பின்வெளிச்சம் இதுக்கு முன்வெளிச்சம் ஆயிரும். ரப்பர் ரப்பராத்தான் தெரியும். ஓவியர் கீகர் வரைஞ்ச மிருகத் தலை அழகா இருக்கதுக்குக் காரணமே பாதி தெரியாததுதான்.

கொழகொழப்புன்னு சொன்னதால ஒண்ணு. அது பெரும்பாலும் மெத்தில்செல்லுலோஸ் தூள். நூறு பங்கு தண்ணிக்கு ரெண்டு பங்கு போதும். நம்ம கஞ்சிக்கு நேர்மாறு இதோட குணம். பச்சத்தண்ணியில நேரா தட்டினா வெளிய பசையாகி உள்ள தூளாவே நிக்கும், கட்டி கட்டியா மிதக்கும். மூணுல ஒரு பங்கு தண்ணிய 80 டிகிரிக்குக் கொண்டுபோய் அதுல தூளைப் போட்டுக் கிண்டணும். சூட்டுல கரையாது, பிரிஞ்சு மட்டும் நிக்கும். பிறகு மீதித் தண்ணியக் குளிர ஊத்தினா ஆற ஆறக் கரைஞ்சு நூல் இழுக்கும். செட் லைட்டு சூட்டுல காய்ஞ்சு தோலு மாதிரி உரியும், அதனால டேக்குக்கு டேக் திரும்பப் பூசணும். அடியில ஃபோம் லேடெக்ஸ், அதாவது ரப்பர் நுரை உடைன்னா தண்ணிய உறிஞ்சிக்கிட்டு கனக்கும். உள்ள நிக்கவன் தளந்துபோவான். ஒரு நாளைக்கு எத்தன ஷாட் தேறும்னு இதெல்லாம் தெரிஞ்ச இயக்குநர் தேதி போடுறதுக்கும், தெரியாதவரு போடுறதுக்கும் வாரக்கணக்குல வித்தியாசம் வரும்.

முட்டம் காத்து:
அப்படின்னா கோரலி ஃபார்ஜாவ ஏன் யாரும் சொல்லல? ‘தி சப்ஸ்டன்ஸ்’ ரெண்டு கோடி டாலருக்குள்ள எடுத்த படம், ஒப்பனைக்கு ஆஸ்கர் வாங்கிச்சு. ரப்பர், சிலிக்கோன், ரத்தம், பெரும்பாலும் கையால செஞ்சது. தொட்டிப்பாலம் அக்கா சொல்லுக சோதனையெல்லாம் பாஸாச்சு.

தக்கலை லென்ஸ்:
கை பாஸ். கதைதான் இடிக்கும். ‘ரிவெஞ்ச்’, ‘சப்ஸ்டன்ஸ்’ ரெண்டும் அவங்களே எழுதினது. இங்க ஆல்வாரெஸ் திரைக்கதைய முடிச்சு மேசையில வச்சிட்டுத்தான் ஆள் தேடுகாரு. மொத வாரத்துலயே ‘மூணாவது பகுதிய மாத்தணும்’னு சண்டை வரும். இந்த வரிசைக்கே அது பழைய நோய்.

முட்டம் காத்து:
எழுதுறவங்களக் கண்டு பயந்தா 1986-ல ரெண்டாம் பாகம் ‘ஏலியன்ஸ்’ நடந்திருக்குமா? ஜேம்ஸ் கேமரனே எழுதி, கேமரனே இயக்கினாரு. எங்க காசைப் பிடிக்கணும்னு எழுதும்போதே தெரியும். மிருகக் கூட்டத்துக்கு முழு உடை கிடையாது, கறுப்பு ஒட்டு உடுப்புல ஃபோம் துண்டு ஒட்டினதுதான். தூக்கப் பெட்டிகள்லயும் கொஞ்சத்தக் கட்டி, மீதிய கண்ணாடி வச்சுப் பெருக்கினாரு. மிச்சம் பிடிச்சத மிருகங்களோட ராணிக்குப் போட்டாரு. 14 அடி உசரம், உள்ள ரெண்டு பேரு, மேல கிரேன். அடுத்தவன் திரைக்கதையில இந்த மிச்சம் வராது.

தக்கலை லென்ஸ்:
நல்ல அடி. ஆனா எதிர்சாட்சியும் அதே வரிசையில இருக்கு. 1992 மூணாம் பாகம். மொதல்ல இயக்க வந்த வின்சென்ட் வார்ட் மரத்தாலான கிரகம், அதுல துறவிகள்னு ஒரு கதை வச்சிருந்தாரு. (நம்ம பத்மநாபபுரம் அரண்மனையத் தூக்கி ஆகாயத்துல வச்ச மாதிரி. எடுத்திருந்தா நான் பத்து தடவ பாத்திருப்பேன்.) அவரு விலகினாரு. செட் வேலை ஓடிக்கிட்டிருக்கு, திரைக்கதை முடியல, இருபதுகள்ல நின்ன டேவிட் ஃபின்ச்சர் முதல் படமா வந்து உக்காந்தாரு. திரைக்கதை இல்லாம ஷூட்டிங் தொடங்கினா தினமும் ஒரு பக்கம் வரும், தினமும் ஒரு சண்டை வரும். கடைசியில அவரு அந்தப் படத்தயே தன்னோடதில்லன்னு ஒதுக்கினாரு. முடிஞ்ச திரைக்கதை கையில இருக்கதுதான் இந்தத் தடவ பெரிய நல்ல காரியம். அதப் பிரிச்சுப் போடுற ஆளு வேண்டாம்.

மார்த்தாண்டம் மக்கா:
சண்டை வந்தா என்ன? புது ஆள அனுப்பிட்டு ஆல்வாரெஸே வந்து உக்காந்துருவாரு. அதுக்குத்தானே தயாரிப்புல நிக்காரு. எனக்கு இதுதான் சந்தேகம் வோய்.

தொட்டிப்பாலம்:
அது அம்புட்டு லேசு இல்ல மக்கா. அமெரிக்க இயக்குநர் சங்க ஒப்பந்தத்துல ஒரு விதி உண்டு. ‘அவுட்லா ஜோசி வேல்ஸ்’ல இயக்குநர நீக்கிட்டு கிளின்ட் ஈஸ்ட்வுட் தானே எடுத்ததுக்குப் பிறகு வந்தது, அவர் பேருலதான் சொல்லுவாங்க. இயக்குநர நீக்கினா, அதே படத்துல ஏற்கனவே வேலையில இருக்க ஒருத்தர் சாதாரணமா அந்த நாற்காலியில உக்கார முடியாது. தயாரிப்பாளருக்கும் இது பொருந்தும். வெளியாள்தான் வரணும். ஸ்டார் வார்ஸ் படம் ‘சோலோ’வுல இயக்குநர் ரெண்டு பேரும் போனப்ப ரான் ஹோவர்டு வெளியருந்து வந்தாருல்லா. அதுபோக, முதல் எடிட்டிங் வெட்டுக்குப் பத்து வாரம் இயக்குநருக்கு உரிமை, அதுல தயாரிப்பாளர் கை வைக்க முடியாது. இந்த ஒப்பந்தத்துல எடுக்கிற படம்னா ஆல்வாரெஸ் ஆள் தேடும்போதே பாத்துத்தான் தேடணும்.

குளச்சல் கடலோடி:
எல்லாரும் இயக்குநரப் பத்தியே பேசுதீங்க. ரோமுலஸ்ல எது நாறிச்சுன்னு யாரும் சொல்லலியே. இயன் ஹோம் மூஞ்சி.

தக்கலை லென்ஸ்:
அதச் சொல்லத்தான் வந்தேன் அண்ணே. செத்துப்போன நடிகர் மூஞ்சிய வச்சு ரூக்னு ஒரு ரோபோ. அடியில இயங்குற பொம்மைத் தலை, மேல கணினிப் பூச்சு. பொம்மை கொள்ளாம், பூச்சுதான் மிஞ்சிப்போச்சு. வாயி தனியா, கண்ணு தனியா அலையும். கடைசிக்கட்ட வேலைக்கு நேரம் பத்தலன்னு ஆல்வாரெஸே ஒத்துக்கிட்டாரு. வீட்டுல பாக்கிற பதிப்புக்குத் திருத்தினப்போ கணினியக் குறைச்சு பொம்மையத்தான் கூடுதலா காட்டினாரு. புடாபெஸ்ட்ல 2023 மார்ச்சுல தொடங்கின ஷூட்டிங் ஜூலைத் தொடக்கத்துல முடிஞ்சுது, ரிலீஸ் 2024 ஆகஸ்ட். பதிமூணு மாசம் இருந்தும் பத்தல. அடுத்த ஆளு இதுல என்ன படிக்காருங்கிறதுதான் எனக்கு முக்கியம்.

தொட்டிப்பாலம்:
ஆளப் பிந்தி முடிவு செஞ்சா இதே கதை திரும்பவும் வரும். மிருகத்துக்குள்ள நிக்கப்போறவன் யாருன்னு தெரிஞ்ச பிறகுதான் உடம்பு அச்சு எடுக்கலாம். பிறகு களிமண், அச்சு, ஃபோம் ஊத்தி அடுப்புல வேகவைக்க, வர்ணம், நடக்கவிட்டுச் சோதனை. தோள்பட்டை இடிக்கும், கழுத்து திரும்பாது, திரும்ப அச்சு. நாலு மாசத்துக்குக் குறைஞ்சு யாராவது சொன்னா நம்பாதீங்க. 1979-ல பொலாஜி படேஜோ 6 அடி 10 அங்குலம். ரோமுலஸ்ல கடைசியில வந்த பிறவிக்கு ராபர்ட் போப்ரோச்கி, 7 அடி 7 அங்குலம். அந்த மாதிரி உடம்பு சந்தையில கிடைக்காது. உடம்பப் பாத்துத்தான் மிருகத்த வரையணும், வரையச் சொல்ல இயக்குநர் வேணும்.

முட்டம் காத்து:
அப்போ இயக்குநர் யாரானாலும் மிருகம் செய்யிற பட்டறையும் ஒளிப்பதிவாளரும் மாறக்கூடாதுன்னு சொல்லுங்க.

தக்கலை லென்ஸ்:
வில்லுப்பாட்டுல புலவர் மாறினாலும் குடம் அடிக்கிறவரு பழைய ஆளா இருந்தா தாளம் நிக்கும். ரோமுலஸ் ஒளிப்பதிவாளர் கேலோ ஒலிவாரெஸ் திரும்ப வந்தா எனக்குப் பாதிக் கவலை தீரும்.

முட்டம் காத்து:
பாட்டு யாரோடது? புலவரோடதுல்லா. நாலாம் பாகத்துக்கு ‘டெலிகாடெசன்’ எடுத்த ழான்-பியர் ஜூனே வந்தாரு. இங்கிலீஷே அவ்வளவா வராது, மொழிபெயர்ப்பாளர வச்சு எடுத்தாரு. படம் கோணலா இருக்கலாம், ஆனா ஒவ்வொரு ஃபிரேமும் அவரோடது. பட்டறை போன பாகத்துலருந்து வந்த அதே ஆளுகதான். நான் ஃபார்ஜாவ விடமாட்டேன்.

மார்த்தாண்டம் மக்கா:
நானும் டிராக்டன்பெர்க்க விடமாட்டேன். பேரு வெளிய வந்த அன்னைக்கு தோத்தவங்க எல்லாருக்கும் பழம்பொரி வாங்கித் தரணும், செரியா?

குளச்சல் கடலோடி:
பழம்பொரி நான் வாங்கித் தாறேன். ஆனா ஸ்காட் பேரு வந்தா கட்டஞ்சாயாவும் சேத்து.

தொட்டிப்பாலம்:
நாலு கேமராவுக்கும் சேத்தா அண்ணே?