முதலீட்டுப் பாடத்தில் மதிப்புப் பங்குப் பயிற்சி: லாபம் நம்ப முடியாத அளவுக்கு வருகிறதே, எங்கே தவறு?

கரும்பலகை கேட்டது:

எம்.பி.ஏ. இரண்டாம் ஆண்டு முதலீட்டுப் பாடத்துக்கு ஒரு பயிற்சி தயார் செய்கிறேன். பங்குகளின் மாத வருமானம் கிரிஸ்ப் (அமெரிக்கப் பங்கு விலைத் தரவுத்தளம்) தரவிலிருந்து, புத்தக மதிப்பு (சொத்தில் கடனைக் கழித்த கணக்கு மதிப்பு) கம்ப்யூஸ்டாட்டிலிருந்து (நிறுவனக் கணக்குகளின் தரவுத்தளம்). புத்தக மதிப்பைச் சந்தை மதிப்பால் வகுத்து, அந்த விகிதப்படி பங்குகளைப் பத்துக் கூறாகப் பிரித்து, மேல் கூறை, அதாவது மதிப்புப் பங்குகளை, வாங்கிக் கீழ்க் கூறை விற்க வேண்டும்.

ஃபாமாவும் ஃபிரெஞ்சும் 1993 கட்டுரையில் 1963 ஜூலை முதல் 1991 டிசம்பர் வரை காட்டிய எச்.எம்.எல். (விகிதம் உயர்ந்த பங்குகளின் வருமானத்தில் விகிதம் தாழ்ந்தவற்றின் வருமானத்தைக் கழித்தது) சராசரி மாதம் 0.40 சதவீதம், டி மதிப்பு (சராசரியை அதன் பிழை அளவால் வகுத்தது; பெரிதானால் தற்செயலாக இருக்க வாய்ப்புக் குறைவு) 2.91. பத்துக் கூறின் இரு நுனிகளை மட்டும் எடுத்தால் கொஞ்சம் கூடும், சரி. ஆனால் என் மாதிரி நிரலில் அதே காலத்துக்கு மாதம் 2 சதவீதத்தைத் தாண்டுகிறது, டி மதிப்பு 9. எங்கே பார்ப்பது? தரவைச் சுத்தம் செய்துதான் மாணவர்களிடம் கொடுக்க வேண்டுமா? மதிப்பெண்ணை எதற்குப் போடுவது?

ஜூன்முப்பது எழுதியது:

டி மதிப்பு 9 என்றால் முதலில் தேதிகளைப் பாருங்கள் சார். கம்ப்யூஸ்டாட் வரியில் இருக்கும் தேதி நிதியாண்டு முடிந்த நாள். கணக்கு வெளியான நாள் வேறு. டிசம்பர் 31-இல் ஆண்டு முடிந்த நிறுவனத்தின் முழுக் கணக்கு வெளிவர மார்ச் கடைசி ஆகலாம், சில அதற்கும் தாமதம். அந்த வரியை ஜனவரி வருமானத்தோடு இணைத்தால், ஜனவரியில் யார் கையிலும் இல்லாத எண்ணை வைத்துப் பங்கு வாங்கியதாக ஆகிவிடும். நல்ல கணக்கு வரப்போகும் நிறுவனங்கள் முன்கூட்டியே மேல் கூறுக்கு ஏறிவிடும். பிறகு அறிவிப்பு வந்து விலை உயரும்போது அந்த உயர்வு உங்கள் லாபமாகப் பதிவாகும்.

வழக்கத்தில் உள்ள முறையை ஓர் ஆண்டு வைத்தே சொல்கிறேன். 1985-இல் எந்த மாதத்தில் நிதியாண்டு முடிந்திருந்தாலும் அதன் புத்தக மதிப்பை எடுத்து, 1985 டிசம்பர் சந்தை மதிப்பால் வகுங்கள். 1986 ஜூன் கடைசியில் கூறு பிரியுங்கள். 1986 ஜூலை முதல் 1987 ஜூன் வரை அந்தக் கூறையே வைத்திருங்கள். ஆறு மாத இடைவெளி கூடுதல் எச்சரிக்கைதான், ஆனால் வகுப்பில் அதைக் குறைக்க வேண்டாம். புத்தக மதிப்பு எதிர்மறையாக உள்ள நிறுவனங்களை விட்டுவிடுங்கள். கம்ப்யூஸ்டாட்டில் இரண்டு ஆண்டாவது இருந்த நிறுவனத்தை மட்டும் சேருங்கள். ஒரு நிறுவனம் புதிதாகச் சேர்க்கப்படும்போது அதன் பழைய ஆண்டுகளும் பின்னோக்கி நிரப்பப்பட்டிருக்கும். பிழைத்து வளர்ந்ததால்தான் அது உள்ளே வந்தது, அந்தப் பழைய ஆண்டுகளை எடுத்தால் வென்றவர்களை மட்டும் எடுத்ததாகும்.

தேதி சரியா என்று அறிய இரண்டு சோதனை. ஒன்று, விகிதத்தை இன்னும் ஒரு மாதம் தள்ளிப் போட்டு மறுபடி ஓட்டுங்கள். புத்தக மதிப்பு மெதுவாக நகரும் எண், ஒரு மாதத் தாமதத்தில் லாபம் பாதியாகக் கூடாது. இன்னொன்று எனக்கு அதிகம் பிடித்தது: விகிதம் இருக்கும் இடத்தில் அந்தந்த மாத வருமானத்தையே குறியீடாக (பங்குகளை வரிசைப்படுத்தும் அளவாக) கொடுத்து, கூறு பிரிப்பையும் மாதாமாதம் ஆக்குங்கள். நிரல் ஒரு மாதம் தள்ளி எடுத்தால் முடிவு சிறியதாக, பெரும்பாலும் எதிர்மறையாக வரும், ஏனென்றால் மாத வருமானம் அடுத்த மாதம் சற்றுத் திரும்பும் இயல்புடையது. ஒரு மாதம் தவறாமல் மிகப் பெரிய லாபம் வந்தால் நிரல் எதிர்காலத்தைப் பார்க்கிறது.

பாண்டாஸில் (பைத்தானின் தரவு நூலகம்) எழுதியிருந்தால், எண்களை ஒரு வரி தள்ளும் ஷிஃப்ட் கட்டளைக்கு முன் நிறுவன வாரியாகப் பிரித்தீர்களா என்றும் பாருங்கள். இல்லாவிட்டால் ஒரு நிறுவனத்தின் கடைசி மாதம் அடுத்த நிறுவனத்தின் முதல் மாதத்தில் வந்து உட்காரும், எந்தப் பிழைச் செய்தியும் வராது. நடுவில் மாதங்கள் விடுபட்டிருந்தாலும் இதே கதிதான். வரிசை எண்ணை நம்பாமல் மாதத்தைக் கணக்கிட்டு இணையுங்கள்.

எடைக்கல் எழுதியது:

மேலே சொன்னது முதல் காரணம், ஏற்கிறேன். அதற்குப் பிறகும் மிச்சம் இருக்கும். அது எடையிலும், சந்தையை விட்டுப் போன பங்குகளிலும் ஒளிந்திருக்கும்.

சம எடை போட்டிருக்கிறீர்களா? நியூயார்க் சந்தைப் பங்குகளின் அளவில் கீழ் 20 சதவீத எல்லைக்கும் சிறிய நிறுவனங்கள் எண்ணிக்கையில் சுமார் 60 சதவீதம், சந்தை மதிப்பில் சுமார் 3 சதவீதம்தான். சம எடையில் உங்கள் முடிவு இந்த 3 சதவீதத்தின் கதையாகிவிடும். கூடவே வாங்குபவர் தரும் விலைக்கும் விற்பவர் கேட்கும் விலைக்கும் நடுவே தாவுவதாலேயே பொய் லாபம் வரும். வாங்குபவர் விலை 1.00, விற்பவர் விலை 1.10 என்று வையுங்கள். கடைசி வியாபாரம் ஒரு மாதம் 1.00-இலும் அடுத்த மாதம் 1.10-இலும் நடந்தால் 10 சதவீத ஏற்றம், திரும்பி வந்தால் 9.09 சதவீத இறக்கம். விலை இருந்த இடத்திலேயே இருக்க, சராசரி மாதம் 0.45 சதவீதம் கிடைத்ததாகத் தெரியும். முந்தைய மாதச் சந்தை மதிப்பை எடையாகப் போடுங்கள், கூறு எல்லைகளை நியூயார்க் சந்தைப் பங்குகளை மட்டும் கொண்டு வகுங்கள். ஹோ, ஷூ, ஜாங் மூவரும் 2020-இல் இந்த இரண்டையும் செய்துதான் 452 குறியீடுகளில் 65 சதவீதம் 1.96 என்ற டி எல்லையைக்கூடத் தாண்டவில்லை என்று காட்டினார்கள்.

அடுத்தது டீலிஸ்டிங், அதாவது பங்கு சந்தைப் பட்டியலிலிருந்து நீக்கப்படுவது. நொடித்துப்போன பங்கின் கடைசி வீழ்ச்சி கிரிஸ்பின் பழைய வடிவத்தில் தனிக் கோப்பில் இருக்கும். சேர்க்க மறந்தால் அந்த நஷ்டம் காணாமல் போகும். நலிந்த நிறுவனங்கள் மேல் கூறில்தான் குவியும் என்பதால் மதிப்புப் பங்கின் லாபம் ஊதிப்போகும். மாத வருமானத்தோடு ஒன்று, டீலிஸ்டிங் வருமானத்தோடு ஒன்று கூட்டி, இரண்டையும் பெருக்கி, ஒன்றைக் கழியுங்கள். மோசமான செயல்பாடு காரணமாக நீக்கப்பட்டும் எண் விடுபட்டிருந்தால், நியூயார்க், அமெக்ஸ் சந்தைப் பங்குக்குக் கழித்தல் 30 சதவீதம், நாஸ்டாக் சந்தைப் பங்குக்குக் கழித்தல் 55 சதவீதம் போடுவது வழக்கம். கிரிஸ்பின் புதிய வடிவத்தில் இது மாத வருமானத்துக்குள்ளேயே சேர்ந்துவிட்டது, மறுபடி சேர்த்தால் நஷ்டம் இரட்டிக்கும்.

பழைய வடிவத்தில் விலை எதிர்மறையாக வந்தால் அது பிழை இல்லை. அன்று வியாபாரம் நடக்காததால் இரு விலைகளின் சராசரி என்பதற்கான அடையாளம். சந்தை மதிப்பு கணக்கிடும் முன் குறியை நீக்குங்கள்.

என் கருத்து, எம்.பி.ஏ. மாணவர்களுக்குச் சுத்தமான தரவே கொடுங்கள். அவர்கள் நேரம் முதலீட்டு யோசனைக்குப் போகட்டும்.

கரும்பலகை எழுதியது:

இருவருக்கும் நன்றி. தேதி இணைப்பில் ஒரு தவறு, ஷிஃப்ட்டில் இன்னொன்று. இரண்டும் சரியானதும் பாதிக்கு மேல் கரைந்தது, எடையை மாற்றியதும் இன்னும் இறங்கியது. ஆனால் மாதாமாதம் 12 மாத வருமானத்தைக் கணக்கிட்டுச் சோதித்தால் டி மதிப்பு மறுபடி 6 வருகிறதே?

மறுஓட்டம் எழுதியது:

அடுத்தடுத்த இரண்டு 12 மாத வருமானங்களில் 11 மாதம் பொதுவானவை. ஒரே தகவலை 12 முறை எண்ணிவிட்டுச் சாட்சி அதிகம் என்கிறது சாதாரண டி. நியூவி–வெஸ்ட் திருத்தத்தை (அடுத்தடுத்த மாதங்களின் தொடர்பைக் கணக்கில் எடுத்துப் பிழை அளவைத் திருத்துவது) குறைந்தது 11 மாதப் பின்னிழுப்போடு, அதாவது 11 மாதம் பின்னால் வரை பார்த்து, போடுங்கள். இன்னும் நல்லது, மாத வருமானத்தையே வைத்துக்கொள்வது. வைப்புக் காலம் ஆறு மாதமென்றால், ஜெகதீஷும் டிட்மனும் 1993-இல் செய்ததுபோல, கடைசி ஆறு மாதங்களில் உருவான ஆறு போர்ட்ஃபோலியோக்களின் அந்த மாதச் சராசரியை எடுங்கள். ஒன்றன்மேல் ஒன்று ஏறும் சிக்கலே இருக்காது.

சுத்தத் தரவு பற்றி எடைக்கல்லோடு உடன்படவில்லை. இந்தப் பிழைகள்தான் பாடமே. நாளை ஒரு நிதி மேலாளர் அழகான பின்னோட்ட (பழைய தரவில் ஓட்டிப் பார்த்த) வரைபடத்தை நீட்டும்போது இவர்கள் கேட்க வேண்டிய கேள்விகள் இவைதான். எல்லாவற்றையும் அழுக்காகக் கொடுக்க வேண்டாம், அது நிரல் வகுப்பாகிவிடும். தேதி இணைப்பையும் டீலிஸ்டிங்கையும் மட்டும் மாணவரிடம் விடுங்கள், மீதியை நீங்கள் முடித்துக் கொடுங்கள்.

மதிப்பெண் லாபத்துக்குப் போகவே கூடாது. லாபத்துக்குப் போட்டால் மாணவர் இருபது குறியீட்டை ஓட்டி ஒன்றைக் கொண்டுவருவார். ஒன்றோடொன்று தொடர்பில்லாத வெறும் இரைச்சலாக இருந்தாலும், 5 சதவீத அளவில் இருபதில் ஒன்றாவது தேறும் வாய்ப்பு 64 சதவீதம். ஹார்வி, லியு, ஜு 2016-இல் வருமானத்தை விளக்குவதாகச் சொல்லப்படும் புதிய காரணிக்கு டி 3-ஐத் தாண்ட வேண்டும் என்று கேட்டது இதனால்தான். மெக்லீன், போன்டிஃப் அதே ஆண்டில் 97 குறியீடுகளைப் பார்த்ததில், கட்டுரையின் காலத்துக்கு வெளியே வருமானம் 26 சதவீதமும், வெளியான பிறகு 58 சதவீதமும் குறைந்திருந்தது. எனவே ஓட்டிய ஒவ்வொரு சோதனையின் பதிவேட்டையும் வாங்குங்கள், தோற்றவையும் சேர்த்து. இன்னொரு அட்டவணை: தொடக்க நிரலின் சராசரியும் டி மதிப்பும் முதல் வரி, பிறகு ஒரு திருத்தத்துக்கு ஒரு வரி. எந்தத் திருத்தம் எவ்வளவு பறித்தது, ஏன் என்று இரண்டு வாக்கியம். மதிப்பெண்ணில் பெரும்பங்கு அந்த வாக்கியங்களுக்கு.

கடைசியாக, மாணவர் தானே எச்.எம்.எல். கட்டி, கென்னத் ஃபிரெஞ்சின் இணையத் தரவு நூலகத்தில் உள்ள தொடரோடு ஒப்பிடட்டும். சராசரி பொருந்தினால் போதாது, அது தற்செயலாகவும் அமையும். இரண்டும் மாதாமாதம் சேர்ந்து நகரும் அளவான ஒட்டுறவு (கோரிலேஷன்) 0.95-க்கு மேல் இருக்க வேண்டும். அந்த நூலகத்தில் எண்கள் சதவீதத்தில், கிரிஸ்பில் தசமத்தில். நூலகத்தில் −99.99 என்று இருப்பது விடுபட்ட மாதம், அதை வருமானமாக எடுத்துவிட வேண்டாம்.