உரிமையாளர் பழுது பார்க்காவிட்டால் வாடகையை நிறுத்தலாமா?

கேள்வி:
குளியலறைச் சுவரில் நீர்க்கசிவு. அதே சுவரின் மறுபக்கம் ஸ்விட்ச் போர்டு. வீட்டு உரிமையாளரிடம் போனில் சொன்னால் "பார்க்கலாம்" என்பதோடு சரி. வாடகையை நிறுத்திவிடலாமா?

பதில் 1:
நிறுத்தாதீர்கள். பாக்கி விழுந்தால் கசிவு பின்னுக்குப் போய், வாடகை தராதவர் என்ற வழக்குதான் முன்னே நிற்கும். சட்டம் இடம் தரும் ஊர்களிலும் பணத்தைக் கையில் வைத்திருக்கச் சொல்வதில்லை. பெரும்பாலும் நீதிமன்றத்திலோ அதற்கான அதிகாரியிடமோ கட்ட வேண்டும்.

முதலில் எழுத்தில் கேளுங்கள். எந்த இடம், எப்போதிலிருந்து, என்ன ஆபத்து, எந்தத் தேதிக்குள் சரிசெய்ய வேண்டும் என்று ஸ்பீட் போஸ்டில் (விரைவுத் தபால்) அனுப்பி, ஒப்புகையைப் பத்திரப்படுத்துங்கள். படங்களின் மூலக் கோப்பை அழிக்காதீர்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பிய நகலில், எடுத்த தேதி விவரம் இருக்காது.

பதில் 2:
போர்டு விஷயம் காத்திருக்காது. அந்த சர்க்யூட்டின் எம்சிபியை (அந்த மின்பாதையைத் துண்டிக்கும் சுவிட்ச்) இன்றே அணையுங்கள். எலெக்ட்ரீஷியனிடம் எழுத்தில் ஓர் அறிக்கை வாங்கிக் கடிதத்தோடு இணைத்து அனுப்புங்கள். "அவசரம்" என்று நிரூபிக்க இதைவிட நல்ல சான்று கிடையாது.

பதில் 3:
நீங்களே செலவழித்து வாடகையில் கழிப்பது எல்லா இடத்திலும் செல்லாது. செல்லுமிடத்தில்கூட முன்னறிவிப்பும் தொகை வரம்பும் உண்டு. இரண்டு மதிப்பீடு, முறையான பில் அவசியம். ஒப்பந்தத்தையும் பாருங்கள்: சுவருக்குள் ஓடும் குழாயும் வயரிங்கும் பொதுவாக உரிமையாளர் தலையில், குழாய் வாஷர், பல்பு உங்கள் செலவு.