பிஎஸ்5-க்காகக் காத்திருந்த நாட்கள்: உங்களுக்கு என்ன நடந்தது?

கார்த்திக்_கோவை

நேற்று பழைய போனில் இருந்த குறுஞ்செய்திகளை அழித்துக்கொண்டிருந்தபோது பிஎஸ்5 முன்பதிவுக்கு வந்த அந்த ஓடிபி கண்ணில் பட்டது. 2021 ஜனவரி 12, பகல் 12:04. அழிக்க மனம் வரவில்லை.

உங்களில் பாதிப் பேருக்கு அந்த நாள் நினைவிருக்கும். அமெரிக்கா, ஜப்பானுக்கெல்லாம் 2020 நவம்பர் 12-லேயே சோனியின் பிஎஸ்5 (பிளேஸ்டேஷன் 5) கேம் கன்சோல் போய்விட்டது. நமக்குத் தேதியே இல்லை. இறக்குமதி விதிகளைப் பொறுத்தது என்று சோனியிடமிருந்து ஒரு வரி பதில். புத்தாண்டு அன்றுதான் பிப்ரவரி 2 என்று அறிவித்தார்கள். முன்பதிவு 12-ஆம் தேதி பகல் 12 மணிக்கு.

நானும் தம்பியும் 11:45-க்கே உட்கார்ந்துவிட்டோம். ஊரடங்கில் அவன் வீட்டிலிருந்துதான் வேலை பார்த்தான். 12 மணிக்குப் பக்கமே திறக்கவில்லை. 12:02-க்குத் திறந்தது. முகவரி போனது, கார்டு எண் போனது, ஓடிபி மட்டும் வரவில்லை. தம்பி என் போனை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போய் சிக்னலுக்காக உயரத் தூக்கிப் பிடித்தான். "வந்துருச்சுண்ணே" என்று முதல் மூன்று எண்களைச் சொல்லும்போதே என் திரை மாறி, இருப்பு இல்லை என்று வந்துவிட்டது. அவனுக்குத் திரை தெரியவில்லை. மீதி மூன்று எண்களையும் நிறுத்தி நிதானமாகச் சொல்லி முடித்தான். இன்னும் அந்தக் குரல் காதில் இருக்கிறது.

நவம்பரிலேயே அவன் சொன்னான், மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் நமக்கும் உலகத்தோடு சேர்ந்து 10-ஆம் தேதியே வருகிறது, அதே ரூ.49,990 தான், வாங்கிவிடலாம் என்று. நான்தான் கேட்கவில்லை. பிப்ரவரி கடைசியில் அவன் ஹைதராபாத்துக்குத் திரும்பிவிட்டான். இந்தியாவை ஒரு பொருட்டாகவே நினைக்காத ஒரு தேதிக்காக, அவன் வீட்டில் இருந்த மூன்று மாதத்தை வீணாக்கிவிட்டேன்.

நிலா_சேலம்

அண்ணா, எனக்கு ஓடிபி தொல்லை இல்லை. எங்கள் ஊரில் ஒரு கடையில் நேரில் போய் முழுப் பணமும் கட்டி ரசீது வாங்கியிருந்தேன்.

பிப்ரவரி 2 காலை ஸ்கூட்டியில் போய் நின்றால், "தனியாகத் தர முடியாதும்மா. ஒரு கன்ட்ரோலரும் ரெண்டு கேமும் சேர்த்து எடுத்தாத்தான் இந்த லோடு. இல்லைன்னா அடுத்த லோடு" என்கிறார். கன்ட்ரோலர் மட்டுமே ரூ.5,990. மேசைக்குப் பின்னால் நாலு பெட்டி அடுக்கியிருந்தது. மேலே இருந்த பெட்டியில் என் பெயரை எழுதி ஒரு சீட்டு ஒட்டியிருந்தார்கள். என்னிடம் பேசிக்கொண்டே அவர் அந்தச் சீட்டை நகத்தால் மெதுவாக உரித்தார். பாதி கிழிந்து, என் பெயரின் முதல் எழுத்து பெட்டியிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது.

கேட்ட பணத்தைக் கொடுத்து வாங்கி வந்துவிட்டேன். ரசீது கையில் இருந்தும் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. அந்த இரண்டாவது கன்ட்ரோலரை எடுக்கும்போதெல்லாம் எனக்கு அந்த நகம்தான் ஞாபகம் வரும்.

பழைய_கார்ட்ரிட்ஜ்

கார்த்திக் தம்பி, உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் "பொருட்டாகவே நினைக்கவில்லை" என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். கன்சோல் தள்ளிப்போவது நமக்கு மட்டும் நடந்தது இல்லை. பிஎஸ்3 முதலில் 2006 வசந்த காலத்தில் என்றார்கள், பிறகு நவம்பர் என்றார்கள். செப்டம்பரில் ஐரோப்பாவை மட்டும் தனியாகப் பிரித்து 2007 மார்ச்சுக்குத் தள்ளினார்கள். ப்ளூ-ரே டிஸ்க் படிப்பதற்கான நீல லேசர் டையோடு போதுமான அளவு தயாராகவில்லை, அதுதான் காரணம். லண்டனிலும் பாரிஸிலும் இருந்தவர்கள் நாலு மாதம் அமெரிக்காவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். எக்ஸ்பாக்ஸ் 360 அதற்கும் ஒரு வருடம் முன்பே, 2005 நவம்பரில் வந்துவிட்டது.

முந்தி வந்தால் மட்டும் போதாது என்பதையும் பார்த்தவன் நான். 1995 மே 11, லாஸ் ஏஞ்சல்ஸில் முதல் இ3 வீடியோ கேம் கண்காட்சி. செப்டம்பர் 2-க்கு வர வேண்டிய சாட்டர்ன் கன்சோல் இன்றே கடைகளில் இருக்கிறது, விலை 399 டாலர் என்று சேகா அறிவித்தது. அதே நாளில் சோனி தரப்பில் ஒருவர் மேடை ஏறி "299" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கினார். சாட்டர்ன் எல்லாக் கடைகளுக்கும் கொடுக்கப்படவில்லை. கிடைக்காமல் கோபப்பட்ட கேபி டாய்ஸ் என்ற பொம்மைக் கடை நிறுவனம் சேகா பொருட்களையே விற்க மாட்டோம் என்றது. நாலு மாதம் முந்தி வந்தும் சேகாவுக்கு அதில் நல்லது நடக்கவில்லை. சேகாவின் அடுத்த கன்சோல் ட்ரீம்காஸ்டும் அப்படித்தான். அமெரிக்காவில் 1999 செப்டம்பர் 9-ஆம் தேதி வந்தது, பிஎஸ்2-க்கு ஒரு வருடம் முன்பே. 2001 ஜனவரி கடைசியில் தயாரிப்பை நிறுத்தப்போவதாக அறிவித்துவிட்டார்கள்.

சரி, என் கதைக்கு வருகிறேன். 2001-ல் சென்னை பர்மா பஜாரில் ஜப்பான் பிஎஸ்2 ஒன்று வாங்கினேன். முதல் சம்பளம், அதோடு அப்பா கொடுத்த பணம். இது 100 வோல்ட் சாமான், டிரான்ஸ்ஃபார்மர் வைத்துத்தான் போட வேண்டும் என்று கடைக்காரர் இரண்டு தடவை சொன்னார். நான் குளிக்கப் போயிருந்தேன். எனக்கு முன்பே தயார் செய்து வைக்கலாம் என்று அப்பா நேரே சுவர் பிளக்கில் செருகிவிட்டார். பட் என்று ஒரு சத்தம். நான் துண்டோடு ஓடி வந்தபோது அப்பா பிளக்கைக் கையில் பிடித்தபடி நின்றார். கருகிய வாடை. என் முகத்தைப் பார்க்கவே இல்லை. மறுநாள் காலை நான் எழுவதற்கு முன்பே அதை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு ரிட்சி தெருவுக்குப் போய்விட்டார். மாலையில் சரி செய்து கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். எவ்வளவு செலவு என்று கடைசி வரை சொல்லவில்லை.

ஜொகூர்_பையன்

மலேசியாவிலிருந்து எழுதுகிறேன். சிங்கப்பூருக்கு 2020 நவம்பர் 19, எங்களுக்கு டிசம்பர் 11. மூன்று வாரம்தானே என்று தோன்றும். ஆனால் ஜொகூர் பாருவில் நின்றால் சிங்கப்பூர் கண்ணுக்குத் தெரியும்.

அக்காவும் மச்சானும் சிங்கப்பூர் பக்கம் உட்லண்ட்ஸில் இருந்தார்கள். கொரோனாவால் மார்ச்சில் மூடிய எல்லைப் பாலம் திறக்கவில்லை. மச்சான் 19-ஆம் தேதியே ஒன்று எனக்காக வாங்கிவிட்டு வீடியோவில் கூப்பிட்டார். பெட்டியை ஜன்னல் விளிம்பில் வைத்து, கேமராவை வெளியே திருப்பினார். பெட்டிக்குப் பின்னால் தண்ணீர், தண்ணீருக்கு அந்தப் பக்கம் எங்கள் ஊர்க் கட்டடங்கள். "உன் வீடு இதுல எங்கடா இருக்கு?" என்று கேட்டார். என்னால் பதில் பேச முடியவில்லை.

தபாலில் அனுப்ப அக்கா விடவில்லை. நீ வந்து பிரி என்று சொல்லிவிட்டார்கள். டிசம்பரில் இங்கே கடைக்கு வந்தபோதும் நான் வாங்கவில்லை. 2022 ஏப்ரல் 1-ல் எல்லை முழுதாகத் திறந்த பிறகுதான் போனேன்.

அருண்_360

பழைய_கார்ட்ரிட்ஜ் ஐயா, மன்னிக்க வேண்டும். யார் முந்தினார், யார் ஜெயித்தார் என்பது கம்பெனி கணக்கு. வாங்குகிறவனுக்கு எந்தத் தேதியில் கைக்கு வந்தது என்பதுதான் கணக்கு. கார்த்திக் கேட்பதும் அதைத்தான். 1995-ல் சேகா தோற்றது அவருடைய தம்பி ஊருக்குப் போனதற்கு எப்படிப் பதில் ஆகும்?

நான் எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ்தான் வாங்கினேன். நவம்பர் 10, செவ்வாய்க்கிழமை சாயங்காலம் மதுரையில் என் வீட்டு வாசலில் வந்து இறங்கியது. சனிக்கிழமை தீபாவளி. புது ஆட்டம் பெரிதாக எதுவும் இல்லை, அதை மறைக்கவில்லை. கன்சோலோடு வர வேண்டிய ஹேலோ இன்ஃபினிட்டை ஆகஸ்டிலேயே தள்ளிவிட்டார்கள், கடைசியில் 2021 டிசம்பர் 8-ல்தான் வந்தது. ஆனால் நான் 2010-ல் காலேஜில் வாங்கிய ரெட் டெட் ரிடெம்ப்ஷன் டிஸ்க்கைப் போட்டேன், ஓடியது. பத்து வருடம் பீரோவில் கிடந்த டிஸ்க். ஹாஸ்டலில் என்னோடு அதை ஆடியவன் அந்த வருடம் ஜூலையில் கொரோனாவில் போய்விட்டான். டிஸ்க்கின் உறையில் அவன் கையெழுத்தில் "என்கிட்டயும் குடு" என்று எழுதியிருந்தது.

திருச்சி_வேல்

எனக்கும் அன்று கிடைக்கவில்லை. ஏப்ரலில் வெளியே ஒருவரிடம் ரூ.68,000 கொடுத்து வாங்கினேன். அவர் பஸ் ஸ்டாண்டில் நின்று என் கண்முன்னே பணத்தை இரண்டு தடவை எண்ணினார்.

இனிமேல் வாங்குகிறவர்களுக்காகச் சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன். புதுசாக எது வந்தாலும் முதல் நாளில் கார்டை நம்பாதீர்கள். இப்போது யுபிஐ இருக்கிறது, ஓடிபிக்காக ஜன்னலுக்கு ஓட வேண்டாம், பின் போட்டால் முடிந்தது. வங்கி ஆப்பில் அன்றைய வரம்பு எவ்வளவு என்று முதல் நாள் இரவே பாருங்கள். முகவரியை முன்கூட்டியே சேமித்து வையுங்கள். இரண்டு போனில் ஒரே கணக்கைத் திறந்து வைக்காதீர்கள், எனக்கு அதில்தான் வாங்கும் கூடை காலியானது. நிலா தங்கை சொன்னதுபோல் கடையில் சேர்த்துக் கட்டினால், கன்சோல் விலை தனி, கன்ட்ரோலர் விலை தனி என்று பில்லில் பிரித்து எழுதச் சொல்லுங்கள். பெட்டியில் உள்ள சீரியல் எண் பில்லில் இருக்க வேண்டும். பிரிப்பதை முதலிலிருந்து கடைசி வரை ஒரே வீடியோவாக எடுத்து வையுங்கள்.

வெளிநாட்டுச் சாமான் வாங்குவதென்றால் வாரண்டி இங்கே செல்லுமா என்று எழுத்தில் கேளுங்கள், வாய்ப் பேச்சு வேண்டாம். பிஎஸ்5 ப்ரோ ஞாபகம் இருக்கிறதா? 2024 நவம்பர் 7-ல் உலகச் சந்தைக்கு வந்தது, இந்தியாவில் விற்கவில்லை. அதில் உள்ள வைஃபை 7 பயன்படுத்தும் 6 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு இங்கே அப்போது அனுமதி இல்லை, அதனால்தான். என் நண்பர் ஒருவர் துபாயிலிருந்து வரவழைத்தார், விசிறியில் சத்தம் வந்தபோது இங்கே யாரும் தொடவில்லை. பெட்டியை வைக்க இடம் அளந்துகொள்ளுங்கள், முதலில் வந்த பிஎஸ்5 நிமிர்த்தினால் 39 செ.மீ. உயரம், பழைய டிவி ஸ்டாண்டுக்குள் போகாது. யுபிஎஸ்ஸில் போடுவதாக இருந்தால்...

நிலா_சேலம்

வேல் அண்ணா, மீதியைத் தனியாக எழுதுங்களேன். இங்கே யாரும் புதிதாக வாங்கப் போகவில்லை.

கார்த்திக் அண்ணா, தம்பியோடு பிறகாவது ஆடினீர்களா?

கார்த்திக்_கோவை

ஆடினோம்மா. ஜூலையில் திரும்ப இருப்பு வந்தபோது கிடைத்தது. அவன் தீபாவளிக்கு வரும்வரை நான் தனியாகப் போடவில்லை. சாக்பாய் வாங்கி வைத்திருந்தேன், இரண்டு பேர் சேர்ந்து ஆடலாம் என்பதற்காக. அவனுக்கு இரண்டு நாள்தான் லீவு. முதல் இரவு 2 மணிக்கு அம்மா வந்து டிவியை அணைத்துவிட்டார். இரண்டாம் நாள் அவன் பஸ்ஸுக்குக் கிளம்பும்போதுகூட ஷூவைப் போட்டுக்கொண்டு ஒரு கட்டம் ஆடிவிட்டுப் போனான்.

ஐயா, நீங்கள் சொன்ன பிஎஸ்3 விவரமெல்லாம் எனக்குத் தெரியாதது. ஆனால் உங்கள் அப்பா மஞ்சள் பையோடு போனதைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன்.

ஜொகூர் தம்பி, 2022-ல் அந்தப் பெட்டியைப் பிரித்தபோது முதலில் எதைப் போட்டீர்கள்?

ஜொகூர்_பையன்

அஸ்ட்ரோஸ் பிளேரூம், அண்ணே. அது உள்ளேயே வந்தது. மழை பெய்யும் இடத்தில் கன்ட்ரோலர் உள்ளங்கையில் சொட்டுச் சொட்டாக அதிரும். அக்கா கையில் கொடுத்தேன். அந்த இடத்தை விட்டு நகரவே விடவில்லை.