செம்பருத்தி இலை டிஎன்ஏ: அளவீடு 1.8 காட்டியும் பிசிஆரில் பட்டை வரவில்லை

கேள்வி: முதுகலை இரண்டாமாண்டு

வணக்கம். தாவர உயிரித் தொழில்நுட்பம் படிக்கிறேன். செம்பருத்தி இலையிலிருந்து டிஎன்ஏ பிரித்தெடுத்து, ஆர்பிசிஎல் மரபணுவின் ஒரு துண்டைப் பிசிஆரில் பெருக்க வேண்டும். மூன்று வாரமாக ஒரே இடத்தில் நிற்கிறேன்.

100 மில்லிகிராம் இலையைப் பீங்கான் கல்வத்தில் அரைத்து, சிடிஏபி பஃபரில் (செல்லை உடைக்கும் சோப்பு போன்ற பொருள் கலந்த கரைசல்) 65 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்தேன். பிறகு குளோரோஃபார்ம்–ஐசோஅமைல் ஆல்கஹால் ஒரு முறை, ஐசோபுரோப்பனால், 70 சதவீத எத்தனால், கடைசியில் 50 மைக்ரோலிட்டர் டிஇ பஃபர். குழாயின் அடியில் பழுப்பு நிறத்தில் ஜெல்லி போன்ற ஒன்று நிற்கிறது. பிப்பெட் முனையில் ஒட்டிக்கொண்டு நூல் போல இழுபடுகிறது, முழுவதும் கரைவதில்லை.

ஒளி உறிஞ்சும் அளவீட்டில் 260/280 விகிதம் 1.79. 260/230 விகிதம் 0.6. அடர்த்தி மைக்ரோலிட்டருக்கு 940 நானோகிராம் என்று காட்டுகிறது. 0.8 சதவீத அகரோஸ் ஜெல்லில் ஓட்டினால் குழியிலேயே ஒரு பகுதி ஒளிர்ந்துகொண்டு நிற்கிறது, அதன் கீழே நீளமாக இழுவிய தடம், அடியில் மூடுபனி போல ஒன்று. பிசிஆரில் ஒன்றுமே இல்லை. தோழன் கொடுத்த நெல் டிஎன்ஏவில் மட்டும் அதே பிரைமர் (பெருக்க வேண்டிய பகுதியின் எல்லையைக் குறிக்கும் குறுந்துண்டு) தெளிவான பட்டை தந்தது.

1.8 வந்துவிட்டதால் டிஎன்ஏ சுத்தம்தான், பிரைமரை மாற்று என்கிறார் நெறியாளர். புதிய பிரைமரும் வாங்கிவிட்டேன். அதிலும் இல்லை. எங்கே தவறுகிறேன்?

பதில்: பிசிஆர் மேசை

முதலில் டிஎன்ஏவை நீர்க்கச் செய்து பாருங்கள். 10 மடங்கு, 50 மடங்கு, 100 மடங்கு என்று மூன்று குழாய். 25 மைக்ரோலிட்டர் வினைக்கு 940 நானோகிராம் கரைசலில் 2 மைக்ரோலிட்டர் போட்டிருந்தால் அது மிக அதிகம். துளசியில் எனக்கு 50 மடங்கில்தான் பட்டை வந்தது.

பதில்: இலையும் உப்பும்

தம்பி, பிரைமரை விட்டுவிடுங்கள். நெல்லில் அது வேலை செய்துவிட்டது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். சிக்கல் குழாயின் அடியில் நிற்கும் அந்தப் பழுப்பு ஜெல்லியில் இருக்கிறது. இருபத்தாறு ஆண்டுகள் செடிகளிலிருந்து டிஎன்ஏ பிரித்தெடுப்பதையே வேலையாகச் செய்தவள் நான். உங்கள் ஜெல்லை நேரில் பார்த்தது போல இருக்கிறது.

செம்பருத்தி இலையை அரைத்துத் தலைக்குத் தேய்ப்பதை வீட்டில் பார்த்திருப்பீர்கள். கையில் வழவழவென்று வருமே, கூந்தலுக்கு நல்லது அதுதான்; பிசிஆருக்கு எமனும் அதுதான். சர்க்கரை மூலக்கூறுகள் கோத்த நீண்ட சங்கிலிகள் அவை. வெண்டைக்காயை நறுக்கும்போது கத்தியில் இழுபடுவதும் அதே வகைதான். வெண்டை, பருத்தி, பூவரசு எல்லாம் செம்பருத்தியின் குடும்பம். இந்தக் குடும்பத்து இலையில் நெல்லுக்கு எழுதிய செய்முறையை அப்படியே செய்தால் இப்படித்தான் நிற்கும்.

ஏன் என்று புரிந்துகொள்ள டிஎன்ஏவின் உருவத்தைக் கொஞ்சம் மனதில் கொண்டுவாருங்கள். முறுக்கிய ஏணி. படிகள் உள்ளே, காரங்களின் இணைகள். ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் 0.34 நானோமீட்டர். வெளியே இரண்டு பக்கமும் சர்க்கரையும் பாஸ்பேட்டும் மாறி மாறி வரும் கைப்பிடி. அந்தப் பாஸ்பேட் ஒவ்வொன்றிலும் ஓர் எதிர் மின்சுமை. நம் மேசையில் நடப்பவற்றில் பெரும்பகுதி இந்த ஒன்றிலிருந்து வருகிறது. எதிர்சுமை இருப்பதால் ஜெல்லில் சிவப்பு மின்முனையை நோக்கி ஓடுகிறது. நேர்சுமை கொண்ட சிடிஏபி அதனோடு ஒட்டப் பார்க்கிறது. உப்பு நிறைய இருந்தால் ஒட்டிப் படியாமல் கரைசலிலேயே நிற்கிறது. சோடியம் வந்து சுமையை மறைத்து, ஆல்கஹால் வந்து தண்ணீரின் பிடியைத் தளர்த்தினால் டிஎன்ஏ திரண்டு விழுகிறது. எத்திடியம் புரோமைடு அந்தப் படிகளுக்கு நடுவே நுழைந்து உட்கார்ந்துகொண்டு புற ஊதா ஒளியில் ஆரஞ்சாக ஒளிர்கிறது.

செம்பருத்தியின் வழவழப்பில் உள்ள சங்கிலிகளில் பலவும் அமிலத்தன்மை கொண்டவை. அவற்றுக்கும் எதிர்சுமை உண்டு. ஐசோபுரோப்பனால் ஊற்றியதும் டிஎன்ஏவோடு அவையும் சேர்ந்து விழுகின்றன. நீங்கள் தூக்கிப் பார்த்த ஜெல்லியில் டிஎன்ஏ இருக்கிறது, ஆனால் சளிக்குள் சிக்கிய முடி போல இருக்கிறது. அதனால்தான் ஜெல்லின் குழியை விட்டு இறங்க மறுக்கிறது. பிசிஆரில் டிஎன்ஏவை நகலெடுக்கும் நொதியான டாக் பாலிமரேஸையும் அந்தச் சர்க்கரைகள் முடக்கிவிடுகின்றன.

மேலே நண்பர் சொன்ன நீர்க்கச் செய்யும் முறை சரியானது. ஆனால் முதலில் நோயைக் கண்டுபிடியுங்கள். நான்கு குழாய் போதும். ஒன்றில் நெல் டிஎன்ஏ மட்டும். இரண்டாவதில் நெல் டிஎன்ஏவோடு உங்கள் செம்பருத்தி டிஎன்ஏ 1 மைக்ரோலிட்டர். மூன்றாவதில் நெல்லோடு 50 மடங்கு நீர்த்த செம்பருத்தி 1 மைக்ரோலிட்டர். நான்காவதில் தண்ணீர். முதலாவதில் பட்டை வந்து இரண்டாவதில் காணாமல் போய் மூன்றாவதில் திரும்பி வந்தால், உங்கள் மாதிரியில் தடுப்பான் இருக்கிறது என்று நெறியாளரிடம் ஜெல் படத்தைக் காட்டலாம். வாயால் வாதிட வேண்டியதில்லை.

பிரித்தெடுப்பதில் மாற்ற வேண்டியவை:

கிளை நுனியில் இன்னும் முழுதாக விரியாத இளம் இலையை எடுங்கள், 50 மில்லிகிராம் போதும். இலை அதிகமானால் டிஎன்ஏ அதிகம் வரும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். இந்தச் செடியில் சளிதான் அதிகம் வரும். அரைத்த இலையைச் சிடிஏபியில் போடுவதற்கு முன் 0.35 மோலார் சார்பிட்டால் சேர்த்த டிரிஸ் பஃபரில் கலக்கி, சென்ட்ரிஃபியூஜில் சுற்றி, மேலே நிற்கும் நீரைக் கொட்டுங்கள். உட்கருக்கள் உடையாமல் அடியில் நிற்கும். வழவழப்பு நீரோடு போகும். மேல்நீர் சளி போல ஒழுகாமல் தண்ணீர் போலச் சொட்டும் வரை திரும்பச் செய்யுங்கள். செம்பருத்திக்கு எனக்குப் பெரும்பாலும் மூன்று முறை தேவைப்பட்டது.

சிடிஏபி பஃபரில் உப்பை நீங்களே எடை போட்டீர்களா? 1.4 மோலார் என்றால் 100 மில்லிலிட்டருக்கு 8.18 கிராம். இது குறைந்துபோனால் டிஎன்ஏ சிடிஏபியோடு சேர்ந்து படிந்து காணாமல் போகும். பழுப்பு நிறம் இலையின் பாலிஃபீனால்கள் காற்றுப்பட்டு மாறியது; அவற்றைப் பிடித்து வைக்கும் பிவிபி 2 சதவீதமும், பயன்படுத்துவதற்குச் சற்று முன் பீட்டா மெர்காப்டோஎத்தனாலும் சேருங்கள். பின்னதை ஃப்யூம் ஹூடுக்குள் மட்டுமே திறக்க வேண்டும்.

குளோரோஃபார்ம் இரண்டு முறை. குழாயை உதறாமல் மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்துங்கள். சுற்றிய பின் நடுவில் வெள்ளை ஏடு ஒன்று நிற்கும், அது புரதம். மேல் அடுக்கை முழுவதும் உறிஞ்ச ஆசைப்படாதீர்கள். ஏட்டுக்கு மேலே 100 மைக்ரோலிட்டரை விட்டுவிடுங்கள்.

அடுத்ததுதான் முக்கியமான இடம். ஐசோபுரோப்பனாலை நேராக ஊற்றாமல், எடுத்த மேல் அடுக்கின் அளவில் பாதிக்கு 5 மோலார் உப்புக் கரைசல் சேருங்கள். அதன் பிறகு இரண்டு மடங்கு குளிர்ந்த 95 சதவீத எத்தனால். இவ்வளவு உப்பில் சர்க்கரைச் சங்கிலிகள் கரைசலிலேயே தங்கிவிடுகின்றன, டிஎன்ஏ மட்டும் விழுகிறது. மைனஸ் 20இல் இரவு முழுவதும் வைக்காதீர்கள். 4 டிகிரியில் வைத்தால் போதும். உப்பு நிறைய இருப்பதால் 70 சதவீத எத்தனாலில் இரண்டு முறை கழுவ வேண்டும்.

பதில்: ஜெல் அறை

அடியில் தெரியும் மூடுபனி ஆர்என்ஏ. அதைச் சிதைக்கும் நொதியான ஆர்என்ஏஸ் ஏ சேர்த்து 37 டிகிரியில் அரை மணி நேரம் வையுங்கள். எத்திடியம் புரோமைடு கையாளும்போது கையுறை கட்டாயம். அந்தக் கையுறையோடு கதவுப் பிடியையும் கைப்பேசியையும் தொடாதீர்கள்.

முதுகலை இரண்டாமாண்டு

அனைவருக்கும் நன்றி. அம்மா, இரண்டு சந்தேகங்கள். 1.79 வந்தும் சுத்தமில்லை என்றால் அந்த எண்ணுக்கு என்ன பொருள்? இழுவிய தடம் வந்ததும் சர்க்கரையால்தானா?

பதில்: இலையும் உப்பும்

உங்கள் நெறியாளர் சொன்னதில் பாதி சரி. டிஎன்ஏவின் காரங்கள் 260 நானோமீட்டரில் ஒளியை உறிஞ்சுகின்றன. புரதத்தில் உள்ள டிரிப்டோபானும் டைரோசினும் 280இல். ஆகவே 1.8 என்பது புரதம் அதிகம் இல்லை என்று மட்டும் சொல்கிறது. சர்க்கரைச் சங்கிலிகள் இந்த இரண்டு இடத்திலும் பெரிதாகத் தலைகாட்டுவதில்லை. அவற்றின் நிழல் 230இல் விழுகிறது. சுத்தமான டிஎன்ஏவில் 260/230 விகிதம் 2ஐ ஒட்டி நிற்க வேண்டும், உங்களுடையது 0.6. உங்கள் குழாயின் கதை முழுவதும் அந்த எண்ணில் இருக்கிறது. 940 நானோகிராமையும் நம்பாதீர்கள். ஆர்என்ஏவும் 260இல்தான் உறிஞ்சுகிறது. அந்த மூடுபனி முழுவதையும் கருவி டிஎன்ஏ கணக்கில் சேர்த்துவிட்டது. அடர்த்தியை ஜெல்லில் லேடரோடு (அளவு தெரிந்த டிஎன்ஏ துண்டுகளின் கலவை) ஒப்பிட்டுப் பார்ப்பது இந்த நிலையில் நேர்மையான வழி.

இழுவிய தடம் வேறு விஷயம். டிஎன்ஏ இழை உடைந்திருக்கிறது. மனித உயிரணு ஒன்றில் ஏறத்தாழ 600 கோடிக் கார இணைகள்; படிக்கு 0.34 நானோமீட்டர் என்று பெருக்கினால் 2 மீட்டர் நீளம். அகலமோ 2 நானோமீட்டர்தான். இவ்வளவு மெல்லிய இழையைக் குறுகிய பிப்பெட் முனை வழியாக வேகமாக உறிஞ்சித் தள்ளினால் அறுந்துபோகாமல் என்ன செய்யும்? முனையைக் கத்தரிக்கோலால் அரை சென்டிமீட்டர் நறுக்கி, பெரிய வாயாக்கிக்கொள்ளுங்கள். குழாயை வேகமாக ஆட்டும் வோர்டெக்ஸ் கருவியைப் பக்கத்தில் கொண்டுவராதீர்கள். அரைத்த இலையையும் மேசையில் காத்திருக்க விடக் கூடாது. செல் உடைந்ததும் அதன் நொதிகளே டிஎன்ஏவைத் தின்னத் தொடங்கும். சார்பிட்டால் கழுவலைப் பனிக்கட்டியில் வைத்தே செய்யுங்கள்.

இந்தப் பிரித்தெடுக்கும் வேலையை மாணவர்கள் பலர் எடுபிடி வேலை போல நினைக்கிறார்கள். எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை. சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் ரூடால்ஃப் சிக்னர் என்ற வேதியியலாளர் கன்றுக்குட்டியின் தைமஸ் சுரப்பியிலிருந்து இழை அறாமல் டிஎன்ஏ எடுத்தார். 1950இல் லண்டனுக்குக் கொண்டுவந்து பகிர்ந்து கொடுத்தார். மாரிஸ் வில்கின்ஸ் அதை வாங்கிக்கொண்டு போய், ஈரமான டிஎன்ஏவைத் தொட்டு இழுத்தபோது சிலந்தி நூல் போல மெல்லிய இழை வந்தது. கிங்ஸ் கல்லூரியில் ரோசலிண்ட் ஃபிராங்க்ளினும் மாணவர் ரேமண்ட் காஸ்லிங்கும் பயன்படுத்தியது இந்த டிஎன்ஏவைத்தான். 1952 மே மாதத்தில் எடுத்த 51ஆம் எண் எக்ஸ் கதிர்ப் படம் அதிலிருந்து வந்தது. 1953 ஏப்ரல் 25இல் வாட்சனும் கிரிக்கும் டிஎன்ஏவின் இரட்டைச் சுருள் உருவத்தை அறிவித்தபோது அந்தப் படத்தின் தடயம் அவர்களிடம் இருந்தது. பாடப்புத்தகங்களில் படம் இருக்கிறது. சிக்னர் பெரும்பாலும் இல்லை. அறுந்து நொறுங்கிய டிஎன்ஏவாக இருந்திருந்தால் அப்படி ஓர் இழையை இழுத்திருக்கவே முடியாது.

முதுகலை இரண்டாமாண்டு

பன்னிரண்டு நாள் கழித்து எழுதுகிறேன். நான்கு குழாய்ச் சோதனையில் நீங்கள் சொன்னபடியே வந்தது: இரண்டாவது குழாயில் நெல் பட்டையும் மறைந்துவிட்டது, மூன்றாவதில் திரும்பிவிட்டது. நெறியாளர் படத்தை வாங்கி வெகுநேரம் பார்த்தார். சார்பிட்டால் கழுவலுக்கு உடனே சம்மதித்தார்.

முதல் கழுவலில் மேல்நீர் விளக்கெண்ணெய் போல ஒழுகியது. நான்காவது முறைதான் சொட்டுச் சொட்டாக விழுந்தது. எத்தனால் ஊற்றியதும் பழுப்பு ஜெல்லிக்குப் பதிலாக வெள்ளை நூல் சுருண்டு மிதந்தது. குழாயைச் சாய்த்தால் அதுவும் கூடவே சாய்ந்தது. இப்போது 260/230 விகிதம் 1.9. அடர்த்தி 110 நானோகிராம்தான், ஆனால் ஜெல்லில் குழிக்குக் கொஞ்சம் கீழே ஒற்றைப் பட்டை. ஆறு மாதிரிகளில் நான்கில் பிசிஆர் பட்டை 600 கார இணைகளுக்குப் பக்கத்தில் வந்திருக்கிறது. வராத இரண்டும் முற்றிய இலைகள்.

பதில்: இலையும் உப்பும்

மிகவும் மகிழ்ச்சி, தம்பி. அந்த இரண்டு முற்றிய இலைகளோடு போராட வேண்டாம். அதே செடியிலிருந்து தளிரை எடுத்து வாருங்கள். நன்றாக வந்த நான்கையும் சிறு குழாய்களில் 10 மைக்ரோலிட்டராகப் பிரித்து மைனஸ் 20இல் வையுங்கள். ஒரே குழாயை உறைய வைத்து உருக்கி உறைய வைத்தால் இழை மறுபடி அறுந்துபோகும். குழாயில் காகித லேபிள் ஒட்டிப் பென்சிலால் எழுதுங்கள். பேனா மை எத்தனால் பட்டதும் அழிந்துவிடும்.