பிளாஸ்மா டார்ச்: ஆர்கானைக் கூட்டியதும் கோட்டிங் ஏன் உரிகிறது?

கோட்டையூர் பட்டறை:
வணக்கம். பம்ப் ஷாஃப்ட் ஸ்லீவுக்கு (தண்டின் மேல் போடும் உறை) பிளாஸ்மா டார்ச்சில், அதாவது மின் ஆர்க் சூடாக்கும் வாயுச் சுடரில், அலுமினா பவுடரை உருக்கிக் கோட்டிங் அடிக்கிறோம். 600 ஆம்பியர், ஆர்கான் மட்டும்தான், நாசில் 6 மி.மீ., டார்ச்சுக்கும் ஸ்லீவுக்கும் தூரம் 100 மி.மீ. பவுடர் வேகமாகப் போய் அறையட்டும் என்று ஆர்கானை நிமிடத்துக்கு 40 லிட்டரிலிருந்து 60 ஆக்கினேன். வோல்ட்டேஜ் 40-லிருந்து 43 ஆனது. சுடர் குட்டையாகி இரைகிறது, கோட்டிங் நகம் பட்டாலே உதிர்கிறது. என்ன காரணம்?

பள்ளத்தூர் வெல்டிங்:
சாண்ட் பிளாஸ்ட் சரியாகப் பண்ணினீங்களா? எண்ணெய்ப் பசை இருந்தாலும் உரியும்.

கோட்டையூர் பட்டறை:
பிளாஸ்ட் அதேதான். 40-ல் நன்றாக ஒட்டுகிறது.

தேவகோட்டை பழைய ஆபரேட்டர்:
அப்போ பிளாஸ்ட்டை விடுங்க தம்பி, கணக்கைப் பாருங்க. முன்பு 24 கிலோவாட், இப்போது 25.8. கேஸ் ஒன்றரை மடங்கு, சக்தி ஏறியது கொஞ்சூண்டு. லிட்டருக்குக் கிடைக்கும் சூடு கால் பங்குக்கு மேல் குறைஞ்சு போச்சு.

சுடர் குட்டையாவதற்குக் காரணம் வேறு. 10,000 கெல்வினில் ஆர்கானின் பாகுத்தன்மை அறைச் சூட்டில் இருப்பதைவிடப் பத்து மடங்குக்கும் மேல்; அடர்த்தியோ மிகக் குறைவு. அதனால் நடுச்சுடர் அமைதியாக ஓடும். சுற்றிலும் நிற்கும் குளிர்ந்த காற்றோடு உரசும் ஓரத்தில்தான் சுழல்கள் கிளம்பும். வேகம் கூடினால் அவை நாசில் பக்கத்திலேயே கிளம்பி வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். அந்த ஆக்சிஜன், நைட்ரஜன் மூலக்கூறுகள் உடைவதற்கே சூட்டைக் குடித்துவிடும். நீங்க கேட்ட இரைச்சல் அந்தக் கொந்தளிப்புதான். பவுடரும் சுடருக்குள் இருக்கும் நேரம் குறைகிறது. அலுமினா உருக 2,050 டிகிரி சென்டிகிரேட் வேணும், பாதி வெந்த துகள் எங்கே ஒட்டும்?

இன்னொன்று: சுடரின் உந்தம் கூடினால், பவுடரைச் சுடருக்குள் தள்ளும் கேரியர் கேஸையும் கொஞ்சம் ஏற்றணும். இல்லாவிட்டால் பவுடர் நடுவுக்குள் நுழையாமல் ஓரத்திலேயே வழுக்கிப் போகும். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு பாருங்க, தெரியும்.

ரோட்டாமீட்டர் (கேஸ் ஓட்டத்தைக் காட்டும் மானி) காற்றுக்கு அளவிட்டதா? அப்படியானால் 60 காட்டும்போது உள்ளே போகும் ஆர்கான் 51 லிட்டர் போலத்தான்.

கோட்டையூர் பட்டறை:
காற்றுக்குத்தான். டார்ச்சுக்குள் கேஸை விடும் கேஸ் ரிங்கைச் சாய்வுத் துளை உள்ளதாக மாற்றலாமா அண்ணே?

தேவகோட்டை பழைய ஆபரேட்டர்:
சாய்வுத் துளை ஆர்க்கின் காலை, அதாவது ஆர்க் ஆனோடைத் (நேர்மின் முனையான நாசில்) தொடும் இடத்தை, சுற்ற வைக்கும். ஆனோடு ஒரே இடத்தில் அரிக்காது, ஆயுள் கூடும். உங்க சிக்கலுக்கு அது மருந்தில்லை. சுழல் அதிகமானால் பவுடரும் சிதறும். முதலில் 40-க்கே திரும்பி, ஹைட்ரஜன் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துப் பாருங்க. வோல்ட்டேஜ் நன்றாக ஏறும், துகளுக்குச் சூடும் வேகமாகப் போகும். சிலிண்டர் வெளியே இருக்கட்டும், தகரக் கூரையின் உச்சியில் திறப்பு வையுங்க. ஹைட்ரஜன் கசிந்தால் மேலேதான் போய்த் தேங்கும்.